எண்ணப்படும் தலைகளும் எடைகுறைந்த வாக்குகளும்

ஒரு பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் தேவை என்று அறிய விரும்பும் கல்வி அதிகாரி முதலில் கேட்பது மாணவர் பதிவேட்டையே. பதிவேட்டில் முந்நூறு பெயர் இருந்தால் முந்நூற்றுக்கு உரிய ஆசிரியர். முப்பது பெயர் இருந்தால் முப்பதுக்கு உரிய ஆசிரியர். சிறிய பள்ளி என்பதற்காக ஓரிருவரைக் கூடுதலாகத் தருவதும் உண்டு. அதை எவரும் குறை கூறார். ஆனால், பதிவேட்டை ஒழுங்காக எழுதி, கூட்டிப் பார்த்து, கையொப்பமிட்டு, பிறகு அதை அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு, ஆசிரியர் எண்ணிக்கையை வேறு ஏதோ ஒரு தாளைப் பார்த்து முடிவு செய்யும் அலுவலகம் ஒன்று இருக்குமாயின், அதைப் பற்றி என்ன சொல்வது? மலேசியாவில் நாடாளுமன்ற இருக்கைகள் மாநிலங்களுக்குப் பங்கிடப்படும் முறை அத்தகையதே.

2020-ஆம் ஆண்டில் நாடு முழுதும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. சிலாங்கூரில் 69 இலட்சத்து 94 ஆயிரம் பேர். பினாங்கில் 17 இலட்சத்து 40 ஆயிரம் பேர். பகாங்கில் 15 இலட்சத்து 91 ஆயிரம் பேர். பெர்லிசில் 2 இலட்சத்து 85 ஆயிரம் பேர். இவ்வெண்களை ஒரு பக்கம் எழுதிக்கொண்டு, மக்களவையில் அம்மாநிலங்களுக்கு உரிய இருக்கைகளை மறுபக்கம் எழுதிப் பார்த்தல் வேண்டும். சிலாங்கூருக்கு 22, பினாங்கிற்கு 13, பகாங்கிற்கு 14, பெர்லிசுக்கு 3. ஆள் குறைந்த பகாங்கிற்கு ஆள் மிகுந்த பினாங்கைவிட ஓர் இருக்கை கூடுதல். பெர்லிசில் 95 ஆயிரம் பேருக்கு ஓர் உறுப்பினர். சிலாங்கூரில் 3 இலட்சத்து 18 ஆயிரம் பேருக்கு ஓர் உறுப்பினர். கங்காரில் வாழும் மூவர் கோலாலம்பூருக்கு அனுப்பும் குரலும், கிள்ளானில் வாழும் பத்துப்பேர் ஒன்றுசேர்ந்து அனுப்பும் குரலும் ஒரே அளவுடையவை என்றால், அதைச் சமன் என்று எந்தக் கணக்காசிரியர் கற்பிப்பார்?

பினாங்கு வாசகர் இதைப் படித்துத் தம் மாநிலத்திற்கே பெரும் அநீதி நேர்ந்துவிட்டதாக எண்ணிவிடுதல் கூடாது. நாட்டின் மொத்த மக்களை 222 இருக்கைகளுக்கு வகுத்தால் இருக்கைக்கு ஏறத்தாழ 1 இலட்சத்து 46 ஆயிரம் வரும். பினாங்கில் அது 1 இலட்சத்து 34 ஆயிரம்தான். ஆகவே பினாங்கு சற்றே மேலான நிலையில்தான் உள்ளது. உண்மையில் நசுக்கப்படுவது சிலாங்கூர். இந்நாட்டு இந்தியருள் மிகுதியானோர் வாழும் மாநிலமும் அதுவே என்பதைத் தமிழர் தலைவர்கள் எத்தனை மேடைகளில் எடுத்துச் சொன்னார்கள்? அமைச்சரவையில் எத்தனை இடம் என்று கேட்கப்படுகிறது. கோயில் மானியம் எவ்வளவு என்று கேட்கப்படுகிறது. ஒரு தமிழ் வாக்காளரின் வாக்கு எவ்வளவு எடையுடையது என்று கேட்கப்படுவதில்லை. கேட்டால் விடை கசக்கும் என்பதால் போலும்.

இந்த நிலை தானாக வந்ததன்று. 1957-இல் ரீட் ஆணையத்தின் பரிந்துரையின்மேல் அமைந்த அரசியலமைப்பு, மாநிலங்களுக்கு இருக்கை பங்கிடுவதற்குத் தெளிவான விதியொன்றைக் கூறியது. மாநிலந்தோறும் ஓர் இருக்கைக்கு உரிய வாக்காளர் எண்ணிக்கை நாட்டின் சராசரியை இயன்றவரை ஒத்திருத்தல் வேண்டும். அவ்வாறு செய்கையில் மக்கள்தொகைச் சராசரியிலும் பெரிய ஏற்றத்தாழ்வு நேர்தல் கூடாது. அதாவது, வாக்காளர் பட்டியல் ஒரு கண், மக்கள்தொகைக் கணக்கு மறு கண். மாநிலத்திற்குள் தொகுதிகள் ஒன்றுக்கொன்று வேறுபடுவதற்கும் எல்லை இருந்தது. சராசரியிலிருந்து நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் விலகுதல் ஆகாது. அறிவுடையோர் வகுத்த விதி அது.

அவ்விதியை நம்பித் தேர்தல் ஆணையம் 1960-இல் தொகுதிகளைப் புதிதாக வரைந்தது. ஆளுவோருக்கு அது உவப்பாக இல்லை. 1962-இல் அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. ஆணையத்தின் உழைப்பு செல்லாததாயிற்று. பழைய 104 தொகுதிகளே நிலைத்தன. தொகுதி வரையும் இறுதி அதிகாரம் ஆணையத்திடமிருந்து நாடாளுமன்றத்திற்குச் சென்றது. நூற்றுக்குப் பதினைந்து என்ற எல்லை அகன்று, நகரத் தொகுதி வாக்காளருள் பாதிப்பேர் இருந்தாலும் ஊர்ப்புறத் தொகுதி ஆகலாம் என்றாயிற்று. 1973-இல் மற்றொரு திருத்தம். அந்தப் பாதி என்ற வரம்பும் போயிற்று. அதே திருத்தம் மாநிலங்களுக்குரிய இருக்கை எண்ணிக்கையை அரசியலமைப்பின் 46-ஆம் விதியில் ஓர் அட்டவணையாக எழுதி வைத்தது. அந்நாள் முதல், எந்த மாநிலத்திற்கு எத்தனை என்பதைக் கணக்கெடுப்பும் சொல்வதில்லை, வாக்காளர் பட்டியலும் சொல்வதில்லை, அட்டவணை சொல்கிறது. அட்டவணையை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். பினாங்கின் 13-உம் பகாங்கின் 14-உம் 2004-ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன்னர் எழுதப்பட்டவை. 2018 மார்ச்சில் தீபகற்பத்தின் தொகுதிகள் மீண்டும் வரையப்பட்டபோது கோடுகள் நகர்ந்தன, எண்கள் நகரவில்லை.

ஊர்ப்புறத்து மக்களைச் சென்றடைவது கடினம், ஆகவே அவர்களுக்குச் சற்றுக் கூடுதல் எடை தருதல் முறை என்பது பதின்மூன்றாம் அட்டவணை கூறும் நியாயம். அது முற்றும் பொய்யன்று. மலையும் ஆறும் கடந்து செல்ல வேண்டிய சரவாக்கின் உட்பகுதிக்கு அது பொருந்தும். 1963-இல் இணைந்த சபா, சரவாக் மாநிலங்களுக்கு வேறு உறுதிமொழிகளும் உண்டு. அவற்றை இங்கே இழுக்க வேண்டியதில்லை. ஆனால் 2013-ஆம் ஆண்டுத் தேர்தலில் காப்பார் தொகுதியில் 1 இலட்சத்து 44 ஆயிரம் வாக்காளரும் புத்ராஜெயாவில் 15 ஆயிரத்துச் சொச்சம் வாக்காளரும் இருந்தனரே, புத்ராஜெயா எந்த மலையின் உச்சியில் இருக்கிறது? எந்த ஆற்றைக் கடந்து அங்கே செல்ல வேண்டும்? அகன்ற சாலையும் அரசு அலுவலகங்களும் நிறைந்த ஊருக்கு ஓர் எடை; தோட்டத்தை விட்டு வெளியேறிய தமிழர் பலர் குடிசையிலும் அடுக்குமாடியிலும் குடியேறிய காப்பாருக்கு அதில் ஒன்பதில் ஒரு பங்கு எடை. 2022-ஆம் ஆண்டுத் தேர்தலில் பாங்கியில் 3 இலட்சத்து 3 ஆயிரம் வாக்காளர் இருந்தனர். ஒரே உறுப்பினர் அவ்வளவு பேருக்கும் பதில் சொல்ல வேண்டும். நாளொன்றுக்கு நூறு பேரைப் பார்த்தாலும் எட்டாண்டு போதாது. அவர் பதவியோ ஐந்தாண்டு.

இங்கே தமிழர் வரலாற்றின் ஒரு கொடிய முரண் ஒளிந்துள்ளது. 1955-ஆம் ஆண்டு முதற்பொதுத் தேர்தலின்போது மலாயா மக்களுள் இந்தியர் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல் இருந்தனர்; வாக்காளருள் அவர்கள் நூற்றுக்கு ஐவர்கூட இல்லை. தலை எண்ணப்பட்டது, பெயர் எழுதப்படவில்லை. குடியுரிமைச் சட்டம் இறுக்கமாக இருந்தது ஒரு காரணம். விண்ணப்பம் எழுதித் தருவாரின்றித் தோட்டத்து மக்கள் காலங்கடத்தியது மற்றொரு காரணம். 1957-க்குப் பின்னர் விதி தளர்ந்தது. பிறகும் பல்லாயிரவர் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றனர். குடியுரிமை இல்லாதார் வேலை செய்ய அனுமதி பெற வேண்டும் என்று 1968-இல் சட்டம் வந்தபோது ஆயிரக்கணக்கானோர் மூட்டையைக் கட்டிக்கொண்டு கப்பலேறினர். பினாங்குத் துறைமுகம் அக்காட்சியைக் கண்டது. தோட்டங்கள் ஊர்ப்புறத் தொகுதிகளில் இருந்தன. ஊர்ப்புற வாக்குக்கு எடை மிகுதி. ஆனால் அந்நாளில் தோட்டத் தமிழருள் பலருக்கு வாக்கே இல்லை.

பின்னர் அவர்கள் குடிமக்களாயினர். பிள்ளைகள் நீல அடையாள அட்டை பெற்றனர். அப்போது தோட்டங்கள் போயின. பால்மரம் செம்பனை ஆயிற்று, செம்பனை வீடமைப்புத் திட்டம் ஆயிற்று, தொழிற்பேட்டை ஆயிற்று. செபராங் பிறையின் தென்பகுதியில் பத்து காவான் தோட்டமாக இருந்ததை இன்று எத்தனை இளைஞர் அறிவர்? 2014-இல் இரண்டாம் பாலம் அங்கே கரையேறியது, தொழிற்சாலைகள் எழுந்தன. தோட்டத்து லயத்தில் வாழ்ந்த குடும்பங்கள் பிறை, பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் எனச் சிதறி அடுக்குமாடிகளில் குடியேறின. வாக்குக் கைக்கு வந்தபோது, வாக்கின் எடை குறைந்த இடத்திற்கு அவர்கள் வந்து சேர்ந்துவிட்டனர். வாக்கில்லாதபோது எடையுள்ள நிலத்தில் வாழ்வு. வாக்கு வந்தபோது எடையில்லாத நிலத்தில் வாழ்வு. இதை ஊழ்வினை என்று கோயில் வாசலில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். ஆனால் செய்தது ஊழன்று, விதி எழுதிய மனிதர்.

ஜோர்ஜ்டவுனின் கதை வேறு வகையானது. 1957-இல் மாநகரத் தகுதி பெற்று, தமிழரான டி. எஸ். இராமநாதனை முதல் நகரத் தந்தையாகக் கொண்ட ஊர் அது. 1965-இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. மக்கள் எண்ணிக்கைக்கும் நகராட்சி மன்றத்துக்கும் இருந்த தொடர்பு அன்றோடு அறுந்தது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு 1999-ஆம் ஆண்டின் இறுதியோடு முடிந்தபோது, பழைய கடைவீடுகளில் தலைமுறை தலைமுறையாய்க் குறைந்த வாடகையில் வாழ்ந்தோர் பலர் உள்நகரை விட்டு வெளியேறினர். சுற்றுலாப் பயணிகள் வந்து படம் பிடிக்கும் தெருவில் வசிப்போர் குறைந்தனர். ஆயர் ஈத்தாமிலும் பெருநிலத்திலும் வசிப்போர் பெருகினர். மக்கள் நடக்கிறார்கள், தொகுதிக் கோடு நடப்பதில்லை, நடக்கும்போதும் மக்கள் சென்ற திசையில் நடப்பதில்லை.

எண்ணிக்கை வேறு, உரிமை வேறு என்று ஆகிவிட்டால் அதன் முடிவு என்னாகும் என்பதற்கு இலங்கை மலையகத்தைவிடப் பெரிய சான்று தமிழர்க்குத் தேவையில்லை. 1946-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்நாட்டின் இந்தியத் தமிழர் ஏறத்தாழ 7 இலட்சத்து 80 ஆயிரம் பேர். சோல்பரி அரசியலமைப்பு 75,000 மக்களுக்கு ஓர் இருக்கை, 1,000 சதுர மைலுக்கு ஓர் இருக்கை என்று வகுத்தது. 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் தேயிலைத் தோட்டத்துத் தமிழர் வாக்களித்தனர். நுவரெலியாவில் தொண்டமான் வென்றார். இலங்கை இந்தியக் காங்கிரசார் பிற மலைத்தொகுதிகளிலும் வென்றனர். மறு ஆண்டே 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949-இல் தேர்தல் சட்டத் திருத்தம் வந்தது. தோட்டத் தமிழர் வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டனர். 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்களுக்கு உறுப்பினர் ஒருவரும் இல்லை.

இதில் நெஞ்சைச் சுடுவது யாதெனின், மலைநாட்டு மாகாணங்களுக்கு இருக்கை கணக்கிடப்பட்டது மக்கள் தலையை வைத்து. தலைகளுள் தோட்டத் தமிழரும் அடக்கம். வாக்கு இல்லாத அவர்களின் எண்ணிக்கையால் கிடைத்த இருக்கைகளை, வாக்குள்ள அயலார் நிரப்பினர். எண்ணப்பட்டவன் ஒருவன், அமர்ந்தவன் வேறொருவன். அமெரிக்காவில் 1787-ஆம் ஆண்டு அரசியலமைப்பு, ஓர் அடிமையை ஐந்தில் மூன்று பங்கு ஆளாக எண்ணி அவனை அடிமைப்படுத்தியோர்க்கே இருக்கையைக் கூட்டிக் கொடுத்தது. இலங்கையில் முழு ஆளாகவே எண்ணினர் என்பது ஒன்றே வேறுபாடு. 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. ஆட்டு மந்தையைப் பிரிப்பதற்கும் இதைவிடக் கூடுதலான கலந்தாய்வு நடக்கும்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பை எதிர்நோக்க வேண்டும். தமிழ்நாட்டில் தமிழர் தலைக்கணக்கை எதிர்க்கின்றனர். மலேசியாவில் மட்டும் தலைக்கணக்கு வேண்டும் என்பது தன்னலமன்றோ என்று கேட்பார் உண்டு. கேள்வி நேர்மையானது. சென்னை மாகாணத்துக்கு 1962-இல் 41 மக்களவை இருக்கை. 1961-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மறுவரையறை செய்ததில் 1967 முதல் 39 ஆயிற்று. 1976-இல் 42-ஆவது திருத்தம் 1971-ஆம் ஆண்டுக் கணக்கோடு இருக்கைப் பங்கீட்டை உறைய வைத்தது. குடும்பக் கட்டுப்பாட்டைச் செம்மையாகச் செய்த மாநிலம் அதனாலேயே குரல் இழத்தல் தகாது என்பது அதன் நோக்கம். 2001-இல் நிறைவேறிய 84-ஆவது திருத்தம் அந்த உறைவை 2026-க்குப் பின் நடக்கும் முதற்கணக்கெடுப்பு வரை நீட்டியது. 2025 மார்ச்சில் சென்னையில் அனைத்துக் கட்சிக் கூட்டமும், பின்னர்ப் பல மாநிலத் தலைவர்கள் கூடிய கூட்டமும் நடந்தன.

தமிழ்நாடு அரை நூற்றாண்டாகப் பெற்ற பாதுகாப்புக்கும் ஒரு விலை உண்டு என்பதைத் தமிழர் ஒப்புக்கொள்ள வேண்டும். 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் ஓர் உறுப்பினர்க்கு 18 இலட்சத்து 50 ஆயிரம் பேர். உத்தரப் பிரதேசத்தில் ஏறத்தாழ 25 இலட்சம் பேர். அங்கே வாழும் ஏழை உழவனும் மனிதனே. ஆயினும் இரு நாட்டு வழக்கும் ஒன்றன்று. இந்தியாவில் விலக்குக்குக் காரணம் கூறப்பட்டது, காலம் குறிக்கப்பட்டது, நாடறிய விவாதிக்கப்பட்டது. மலேசியாவிலோ சிலாங்கூருக்கு ஏன் 22, பகாங்கிற்கு ஏன் 14 என்று கேட்டால் அட்டவணையைத் தவிர வேறு விடையில்லை. மேலும், பினாங்கு குழந்தைப் பிறப்பு மிகக் குறைந்த மாநிலங்களுள் ஒன்று; தலைக்கணக்கு நடைமுறைக்கு வந்தால் அதன் பங்கு பெருகப் போவதில்லை, ஒருவேளை பதின்மூன்றில் ஒன்று குறையவும் கூடும். அவ்வாறிருந்தும் முறையான கணக்கைக் கேட்பது தன்னலமாகாது. பெர்லிஸ் போன்ற சிறு மாநிலங்களுக்குக் குறைந்தபட்ச இருக்கை என்று ஒரு விதி இருக்கட்டும். பிற மாநிலங்களுக்குக் கணக்கெடுப்பு தோறும் பங்கீடு நடக்கட்டும். தொகுதிகளின் ஏற்றத்தாழ்வுக்கு 1957-இல் இருந்த பதினைந்து விழுக்காட்டு எல்லை மீளட்டும். கேட்பது புதுமையன்று, பறிக்கப்பட்டது.

சம எடை வந்துவிட்டால் தமிழர் தொகுதி பல முளைத்துவிடும் என்று யாரேனும் மேடையில் முழங்கினால் நம்ப வேண்டியதில்லை. 2020-ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியர் நூற்றுக்கு எழுவர்கூட இல்லை. அவர்கள் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி ஒன்றேனும் நாட்டில் இல்லை. எந்தக் கோட்டை எப்படி வரைந்தாலும் இந்நிலை பெரிதாக மாறாது. எண்ணிக்கை சிறியது என்பது ஓர் இழப்பு. சிறிய எண்ணிக்கையையும் எடை குறைத்து வாங்குவது இரண்டாவது இழப்பு. முதலாவதற்கு மருந்து அரசியலமைப்பில் இல்லை. இரண்டாவதற்கு உண்டு.

அதற்கு முன் வீட்டு வேலை ஒன்றிருக்கிறது. கணக்கெடுப்பாளர் கதவைத் தட்டும்போது கடன்காரர் என்று எண்ணி உள்ளே ஒளியும் குடும்பங்கள் இல்லாமல் இல்லை. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நியூயார்க் மாநிலம் ஓர் இருக்கையை இழந்தது. இன்னும் 89 பேர் கூடுதலாக எண்ணப்பட்டிருந்தால் அது நிலைத்திருக்கும். 89 பேர் என்பது ஒரு சிறிய தமிழ்ப்பள்ளியின் மாணவர் எண்ணிக்கை. 2021 டிசம்பர் முதல் பதினெட்டு அகவை நிரம்பிய குடிமக்கள் அனைவரும் தாமாகவே வாக்காளர் பட்டியலில் சேர்கின்றனர். 2018-இல் ஒன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைவாயிருந்த பட்டியல் 2022-இல் இரண்டு கோடியே பதினோரு இலட்சத்தைத் தாண்டியது. நன்று. ஆனால் குடிமகன் என்ற ஆவணம் இருந்தால்தான் அந்தத் தானியங்கி முறை பயன்படும். பிறப்பைப் பதிவு செய்யாத தந்தை, திருமணத்தைப் பதிவு செய்யாத தாய் தந்தையர், அடையாள அட்டை இல்லாததால் ஆறாம் ஆண்டோடு மறைந்துபோகும் பிள்ளை: இவர்கள் கணக்கெடுப்பில் தலைகள், பட்டியலில் வெற்றிடங்கள். நுவரெலியாவில் சட்டம் செய்ததை இங்கே அசட்டை செய்கிறது. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியர்க்கும் தம் பள்ளியில் அத்தகைய பிள்ளை யார் என்பது தெரியும். ஒவ்வொரு கோயில் நிருவாகத்துக்கும் தம் ஊரில் அத்தகைய குடும்பம் எது என்பது தெரியும். தேர் வடத்திற்கு ஆள் சேர்ப்பவர்கள் பதிவிலாகாவுக்கு ஒரு குடும்பத்தை அழைத்துச் செல்லலாகாதா?

தொகுதி மறுவரையறைக்கு இடையே எட்டாண்டுக்குக் குறையாத இடைவெளி வேண்டும் என்பது 113-ஆம் விதி. தீபகற்பத்திற்கு 2018 மார்ச்சிலிருந்து அந்த எட்டாண்டை எண்ண வேண்டும். அது 2026 மார்ச்சோடு நிறைகிறது. மறுவரையறை தொடங்கும்போது ஆணையம் தன் பரிந்துரையை மக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும். ஒரு மாதம் அவகாசம். தொகுதி வாக்காளருள் நூறு பேர் சேர்ந்து எழுத்து மூலம் மறுத்தால் ஆணையம் அவ்விடத்திற்கு விசாரணை நடத்த வந்தே தீர வேண்டும். பதின்மூன்றாம் அட்டவணை அவ்வாறு கட்டளையிடுகிறது. மாநில அரசுக்கும் ஊராட்சி மன்றத்துக்கும் உள்ள அதே உரிமை நூறு சாதாரண வாக்காளர்க்கும் உண்டு. வழக்குரைஞர் தேவையில்லை, கட்சி தேவையில்லை. வரைபடத்தைப் படிக்கத் தெரிந்த ஓர் ஆசிரியரும், மலாய் மொழியில் பிழையின்றி ஒரு பக்கம் எழுதத் தெரிந்த ஓர் இளைஞரும் போதும். நூறு கையொப்பம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைச் சாலையில் ஒரே ஒரு தண்ணீர்ப்பந்தலின் முன் ஒரு வேளையில் நிற்போர் அதனினும் மிகுதி.